ஊதாத சங்கு

சனிக்கிழமை காலை 6.40. நற்பிட்டிமுனை வாய்க்கால் மதகில் வயல் காவல்காரர் மீராசாவின் உடல் சிக்கிக் கிடந்தது. கண்டவர் ஜவாத், அந்தப் பக்கத்து வயல்களின் நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பான வட்டவிதானை. விடியலில் வாய்க்கால் கட்டு உடைந்து வெள்ளம் வயலுக்குள் பாய்ந்தபோது மீராசா தன் காவல் வாடியில், அந்தச் சிறு குடிசைக்குள், இருந்தார். நீர் மட்டம் ஏறினால் சங்கு ஊதி எச்சரிக்கும் பெட்டி அங்கிருந்து இருபது அடி தூரத்தில்தான் நின்றது. ஊதியிருந்தால் அரை மணி நேரம் கிடைத்திருக்கும். ஊதவில்லை.

பெட்டியைச் செய்தவள் அஸ்பியா. கல்முனையில் சிறிய மின்னணுப் பட்டறை வைத்திருந்தாள். ஜவாத் அதன் வாசலில் நின்று தெருவே கேட்கக் கதைத்தார்.

"ஒன்ட பெட்டிய நம்பித்தான் புள்ள மீராசா வாடில இருந்தாரு. ஊமப் பெட்டிய வெச்சி ஒரு மனிசன மௌத்தாக்கிட்டாய்."

 அஸ்பியா பெட்டியை யாரும் திறக்காமல் கொண்டுவரும்படி பொலிஸுக்குப் போன் எடுத்தாள். 

ஞாயிறு காலை 9.10. சார்ஜன்ட் நளீம் பெட்டியைப் பட்டறை மேசையில் வைத்தார். பூட்டு உடைபடவில்லை. உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை. பற்றறி நிறைந்திருந்தது.

அஸ்பியா உள்ளிருந்த சிறிய போர்டைக் கழற்றி எடுத்தாள். லெப்டொப்பில் புரோபைச் செருகினாள். சிப்புக்குள் இருக்கும் புரோகிராமைத் திரையில் காட்டும், விரல் நீளமேயான கருவி அது. அதிலிருந்து நான்கு கம்பிகள் வந்தன. சிவப்பு மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. 'டேட்டா'வுக்கான மஞ்சள் கம்பியை 'சி' என்று அச்சிட்ட ஓட்டையிலும், 'கிளொக்'குக்கான வெள்ளையை 'டி' என்ற ஓட்டையிலும் செருகினாள். நளீம் அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

திரை நிறைந்தது. எல்லாம் வெற்று இடங்கள்.

"சிப் சாகல்ல சேர். உள்ளுக்க ஒண்டுமில்ல, அவ்வளவுதான்."

"இடி விழுந்திரிக்குமோ?"

"இடி விழுந்தா சிப்பே போயிரும். நான் இதப் பூட்டி வெச்சிருந்தன், ஆரும் என்ட புரோகிராமக் கொப்பி பண்ணாம. இப்ப பூட்டு தொறந்து கெடக்கு. ஆரோ புரோபக் குத்தித் தொறந்திரிக்கான். தொறந்தா உள்ள இரிக்கிற எல்லாம் தானா அழிஞ்சிரும். அது களவெடுக்க வந்தவனுக்குத் தெரியா."

பெட்டிக்கு மூன்று சாவிகள். ஒன்று அஸ்பியாவிடம், ஒன்று ஜவாதிடம். மூன்றாவது அவளிடம் வேலை செய்யும் காரைதீவுச் சுதனிடம். அதற்கு முன் அதே சாவியை வைத்திருந்தவன் றிஸ்கான். தை மாதம் வேலையை விட்டுப் போய் சொந்தக் கடை போட்டவன். ஜவாதுக்கு போனில் நம்பர் பதிவதுகூட யாராவது செய்து கொடுக்க வேண்டும். மற்ற இருவரையும் நளீம் அழைத்தார்.

10.30. சுதன் முதலில் வந்தான்.

"கடைசியாப் பெட்டியத் தொறந்தது எப்ப?"

"போன ஞாயிறு சேர். பற்றறி மாத்தினன். சங்க ஊதியும் பாத்தன். நல்லா ஊதிச்சு."

"இந்தக் கம்பிகளப் போர்ட்டில குத்துங்க."

சுதன் எழுத்துகளைக் குனிந்து வாசித்து, மஞ்சளை 'டி'யில் செருகினான். வெள்ளையை 'சி'யில். திரை 'போர்ட் கிடைக்கவில்லை' என்றது. அவன் விழித்தான். அவனை உள் அறைக்கு அனுப்பினார்கள்.

10.50. றிஸ்கான் வந்தான்.

"நான் இந்தப் புதுப் போர்ட்டக் கண்டதே இல்ல சேர். நான் போனதுக்குப் பொறகு வந்தது."

"சாவி?"

"போகக்குள்ளயே ராத்தாட கைல குடுத்திட்டன்," என்று அஸ்பியாவைக் காட்டினான்.

"இது செத்திட்டா எண்டு பாக்கோணும்," என்றாள் அஸ்பியா. "நான் திரையப் பாக்கிறன். நீ ஒருக்காக் குத்து."

றிஸ்கான் கம்பிகளை எடுத்தான். சிவப்பு, கறுப்பு. மஞ்சள் 'சி'யில். வெள்ளை 'டி'யில். எழுத்துகளை அவன் பார்க்கவேயில்லை. திரை உடனே நிறைந்தது.

அஸ்பியா போர்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாசி. இதில 'டி' எங்க இரிக்கி, மஞ்சள எங்க குத்தியிரிக்காய்? பழைய போர்ட்டில ஓட்டையெல்லாம் வேற இடத்தில, எழுத்தும் சரி. இந்தப் புதுப் போர்ட்டில மட்டும் ரெண்டும் மாறி அச்சாகிட்டு. அது எனக்குத் தெரியும், இதில ஒருக்காக் குத்திப் பாத்தவனுக்குத் தெரியும். நீ கண்டதே இல்லாத போர்ட்டு, றிஸ்கான். ஒன்ட கைக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அவன் கம்பிகளைக் கீழே வைத்தான். நளீம் அவனது லெப்டொப்பைக் கடையிலிருந்து எடுப்பித்தார். ஒவ்வொரு சிப்புக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு. திங்கட்கிழமை மாலை 4.20க்கு அவன் புரோப் இணைந்ததாக அதில் பதிவான சிப்பின் எண்ணும், மேசையில் கிடந்த சிப்பின் எண்ணும் ஒன்றாக இருந்தன. சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன் இன்னொன்று வெட்டி வைத்திருந்தான்.

"அழிக்கோணுமெண்டு போகல்ல ராத்தா," என்றான். "அறுகம்பேல ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரன் இதே மாதிரி பெட்டி கேட்டான். கொப்பி எடுக்கத்தான் போனன்."

"அழிஞ்சது ஒனக்கு எப்ப தெரிஞ்சது?"

"அப்பவே."

"திங்கக்கிழமை. செவ்வாய்க்கிழமையிலருந்து மழை. எனக்கு ஒரு கோல் எடுத்தியா?"

"பயமா இருந்திச்சி. தண்ணி வரக்கூடாதெண்டு துஆக் கேட்டன்."

அஸ்பியா மேசையின் மறுபக்கம் திரும்பினாள். நளீம் குறிப்புப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருந்தார்.

"என்ன எழுதுறீங்க சேர்?"

"களவெடுக்கப் பாத்த குற்றம்."

"அதப் பொறகு எழுதுங்க. அஞ்சு நாள் தெரிஞ்சிட்டே வாய மூடிட்டு இருந்தான். அத முதல்ல எழுதுங்க."

மாலை 4 மணிக்கு அவள் மீராசாவின் வீட்டுக்குப் போனாள். கணவனை இழந்தவள் வீட்டோடு தனித்திருக்கும் இத்தாவில், வெள்ளைச் சேலையில் இருந்த அவர் மனைவி சுபைறா, நடந்ததை முழுவதும் அசையாமல் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் மையத்து அடக்கத்துக்கு வந்தானா மகள்?"

அஸ்பியா அவளருகில் உட்கார்ந்தாள்.

"வந்தான். மையத்துச் சந்தூக்கையும் தோளில சுமந்தான்."