ஹார்ட் டிஸ்க்கின் இரண்டாவது பாதி

மாலை 4.10. படம் காணாமல் போயிருந்தது.

ஆறு மணிக்குள் திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டிய படம். ஹார்ட் டிஸ்க்கில் அது இருந்த பாதி, துடைத்துவிட்டதுபோலக் காலி.

"இனிமே எந்த ஸ்டூடியோலயும் உனக்கு வேலை கிடைக்காது, பாத்துக்கோ!" என்று எடிட்டரிடம் கத்தினார் இயக்குநர்.

அவருடைய மச்சான் சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர். உடனே வந்தார்.

"காப்பி எடுக்கலையா?" என்று எடிட்டரிடம் கேட்டார்.

"எடுக்கவான்னு கேட்டேன் சார். டைரக்டர்தான் அப்புறம் பாத்துக்கலாம்னாரு."

"இப்ப நல்லாப் பாத்துக்குறாரு."

எடிட்டர் விளக்கினாள். ஒரே டிஸ்க், அதில் இரண்டு பிரிவுகள். இசை இருக்கும் முதல் பாதியை எல்லாக் கம்ப்யூட்டரும் திறக்கும். படம் இருந்த இரண்டாவது பாதியை அவளுடைய ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற முறையில் ஃபார்மட் செய்திருந்தாள்.

படத்துக்கு ஒலி சேர்க்கும் சவுண்ட்காரர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"டிஸ்க்கை நீங்க தொட்டீங்களா?" என்று அவரிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மத்தியானம் இசையை ஏத்தினேன் சார். படம் பத்திரமா இருந்துச்சு, கண்ணால பாத்தேன். அப்புறம் இந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன்."

"எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தீங்க?"

"என் விண்டோஸ்ல. என்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"கேட்டீங்களா மச்சான்? இவதான்!" என்றார் இயக்குநர்.

இன்ஸ்பெக்டர் டிஸ்க்கை மேக்கில் செருகி, காலியான பாதியின் விவரத்தைத் திறந்தார். ஒரே ஒரு வரியைப் படித்தார். நிமிர்ந்தார்.

"இல்ல, இவர்தான்."

சவுண்ட்காரர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"இந்தப் பாதி இப்ப என்.டி.எஃப்.எஸ். அது விண்டோஸோட முறை. இந்த மேக் அதைப் படிக்கும், ஆனா அந்த முறையில ஃபார்மட் பண்ணாது. உங்க கம்ப்யூட்டருக்கோ மேக் பாதியைப் படிக்கவே தெரியாது. அப்புறம் படத்தை எந்தக் கண்ணால பாத்தீங்க? எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணவான்னு அது கேட்டிருக்கும். நீங்க சரின்னு தட்டிட்டீங்க."

"ஏதோ கெட்டுப்போன பகுதின்னு நெனச்சேன் சார்... வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன்."

"அதனால இவ வேலையைப் பறிக்கப் பாத்தீங்க."

"படம் போச்சா மச்சான்?" இயக்குநரின் குரல் இறங்கியிருந்தது.

"அவசரமா பண்ற ஃபார்மட், எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணையைத்தான் அழிக்கும். படத்து மேல வேற எதையும் எழுதல. மீட்டுடலாம்."

5.40. திரையில் முதல் காட்சி ஓடியது.

"அனுப்பிடும்மா," என்றார் இயக்குநர், தரையைப் பார்த்தபடி.

எடிட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"முதல்ல மன்னிப்பு கேளுங்க சார். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டார். அனுப்பினாள்.