ஐந்து மணிக்குள் ஒரு சம்மதம்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மூன்றாம் மாடி வீடொன்றில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவர் அமர்ந்திருந்தனர். மேசைமேல் ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, பல மடிப்புகள் விழுந்த ஒரு கடிதம் ஆகியவை இருந்தன.

கடிதம் தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து வந்தது. மாதச் சந்தா நானூறிலிருந்து அறுநூற்றைம்பதாக உயர்கிறது என்றும், மாற்றம் வேண்டுவோர் 14ஆம் நாள் மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தெரிவிக்காவிட்டால், புதிய விலையிலேயே சந்தா ஓராண்டுக்குத் தானாக நீண்டுவிடும்.

அக்கடிதம் நான்கு நாட்களாகக் கட்டிலுக்கடியில் விமானமாகக் கிடந்தது. விமானம் செய்தவன் ஆறு வயதுத் தம்பி. பெயருக்கேற்றபடி நடப்பவன் அல்லன். நடப்பதற்கேற்றபடி அவனுக்கு வாலு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவனுடைய அக்காவுக்குப் பத்து வயது. அழைப்புமணி அடித்தாலே அறைக்குள் ஓடி ஒளிந்துகொள்வாள் என்பதால் அவளை எல்லோரும் முயல் என்றே கூப்பிட்டனர். முகம் தெரியாதவர்களோடு தொலைபேசியில் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாமவர் அம்மா. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதை அந்த ஊரே அவருடைய குரலில்தான் கேட்டது. வெள்ளிக்கிழமை அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

"பத்து நாளைக்கு ஒரு வார்த்தைகூட பேசக்கூடாது. மெதுவாவும் கூடாது. தையல் விட்டுப்போச்சுன்னா பழைய குரல் வராது" என்று மருத்துவர் சொன்னபோது முயலும் அருகில் நின்றிருந்தாள். அன்றிலிருந்து அம்மாவின் வாய் அசையும்போதெல்லாம் அவள் நோட்டை நீட்டினாள். இன்று ஐந்தாம் நாள்.

அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார். இருந்திருந்தாலும் பயனில்லை. அப்பா பேரம் பேசினால் கடைக்காரருக்கு இரக்கப்பட்டு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவார்.

அம்மா நோட்டில் எழுதிக் காட்டினார்: "நீதான் பேச வேண்டும். முந்நூற்றைம்பதுக்கு மேல் போகாதே. ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் கூடாது. மூன்று தட்டு என்றால், இணைப்பே வேண்டாம் என்று சொல்."

"நான் பேசறேம்மா!" என்று வாலு குதித்தான்.

கரண்டி டம்ளரில் இரண்டு முறை விழுந்தது.

முயல் எண்களை அழுத்தினாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, மறுபடியும் ஒன்றை அழுத்து என்றது ஒரு பதிவுக்குரல். பிறகு இசை ஒலித்தது. யாரும் எடுக்கக்கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை. சொல்லுங்க."

முயலின் தலைக்குள் இருந்த எல்லாச் சொற்களும் பறந்துவிட்டன. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய ஒன்று மட்டும் தானாக வெளியே வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

வாலு மேசைக்கடியில் விழுந்து விழுந்து சிரித்தான். மறுமுனையிலும் ஒரு சிறிய சிரிப்பு கேட்டது.

"எந்த வண்டி பாப்பா?"

"வண்டி இல்லக்கா. டிவி. விலை ஏத்திட்டீங்க. குறைக்கணும்."

சொல்லிவிட்டாள்! ஆனால் காது வியர்த்துக் கைப்பேசி வழுக்கியது. ஒலிபெருக்கியை அழுத்தி அதை மேசைமேல் வைத்தாள்.

சேவைப் பெண் கணக்கு எண்ணைக் கேட்டு, யார் பேசுவது என்றும் கேட்டார். "மகள். அம்மா பக்கத்துல இருக்காங்க" என்றாள் முயல்.

"சரி. இப்போ ஒரு சலுகை இருக்கு. அறுநூறு."

இரண்டு தட்டு.

"கூடாதுக்கா."

"ஐந்நூற்றைம்பது. விளையாட்டுச் சேனல் பதினொண்ணும் அதுல வரும்."

இரண்டு தட்டு, சற்றுப் பலமாக.

"அங்க என்ன சத்தம்? யாராவது சமைக்கிறாங்களா?"

"இல்லக்கா, அது அம்மா" என்றாள் முயல். "அப்புறம், விளையாட்டு வேண்டாம். செய்தியும் விலங்குச் சேனலும் இருந்தா போதும்."

"சிங்கம்!" என்றான் வாலு, மேசைக்கடியிலிருந்து.

மூன்று தட்டு விழுந்தது. முயல் அம்மாவைப் பார்த்தாள். இணைப்பே வேண்டாம் என்று சொன்னால், சரி என்று உடனே துண்டித்துவிட்டால் என்ன செய்வது?

"அப்போ... அப்போ எங்களுக்கு இணைப்பே வேண்டாம்க்கா" என்றாள். கடைசிச் சொல் பாதிதான் வெளியே வந்தது.

"இரு, இரு. மேலாளரைக் கேட்டுட்டு வரேன்."

மீண்டும் இசை. கடிகாரம் நான்கு முப்பத்தெட்டைக் காட்டியது. சேவைப் பெண் திரும்பி வந்தபோது குரலில் சிரிப்பு இல்லை.

"நானூற்றைம்பது. ஆனா ஒண்ணு. கணக்கு உங்கம்மா பேர்ல இருக்கு. சம்மதம்னு அவங்க வாயால சொல்லணும், அதை நாங்க பதிவு பண்ணணும். அவங்ககிட்ட கொடு."

முயல் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா கைப்பேசியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய கழுத்திலிருந்த வெள்ளைக் கட்டு ஏறி இறங்கியது.

"மேடம், நானூற்றைம்பது சரியா?"

அம்மா பேசவில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? மூச்சு விடறது கேக்குது. கோபமா இருக்கீங்கன்னு புரியுது. நானூற்றிருபது?"

அம்மா பேசவில்லை.

"முந்நூற்றைம்பது, மேடம்! செய்தி, விலங்கு, மொத்தம் நாற்பது சேனல். இதுக்குக் கீழ என்னால இறங்கவே முடியாது. ஒரே ஒரு வார்த்தை, சம்மதம்னு சொல்லிடுங்க. அஞ்சு மணி ஆனா இந்தக் கதவு மூடிடும்."

நான்கு நாற்பத்தொன்பது. அம்மாவின் கண்கள் மின்னின. முந்நூற்றைம்பது! தாம் கேட்ட அதே விலை! ஒரே ஒரு சொல்தானே என்று அந்தக் கண்கள் சொல்வதை முயல் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிவிப்பு சொல்வதற்குமுன் செய்வதைப் போல மூச்சை உள்ளிழுத்தார். உதடுகள் பிரிந்தன.

"அம்மா, வேண்டாம்!"

யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கியறியாத முயல் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா பேச மாட்டாங்க! ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவங்க. தொண்டையில ஆபரேஷன் ஆகியிருக்கு. ஒரு வார்த்தை பேசினாலும் குரல் போயிடும். டிவி போனா போகட்டும்!"

அம்மா கரண்டியைக் கையில் எடுத்தார். பிறகு ஓசையின்றிக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ," என்றார் சேவைப் பெண் மெதுவாக, "இவ்வளவு நேரம் அவங்க பேரம் பேசலையா?"

"இல்லக்கா. பேச முடியாம இருந்தாங்க."

இனி விலை பழையபடி அறுநூற்றைம்பதுக்கு ஏறிவிடும் என்று முயல் எதிர்பார்த்தாள். ஏறவில்லை. ஆனால் வேறொன்று கேட்டது. சேவைப் பெண்ணின் குரலும் நடுங்கியது.

"எனக்கு இன்னைக்குப் பயிற்சி முடிஞ்சு மூணாவது நாள், பாப்பா. குரல் பதிவு இல்லாம நான் எதையும் மாத்தினா மேலாளர் என்னைச் சும்மா விடமாட்டார். நான் என்ன செய்யட்டும்?"

பெரியவர்களும் தொலைபேசிக்கு அந்தப் பக்கம் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது முயலுக்குத் தெரியாது. ஒளிந்துகொள்ளும் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதைக் கண்டதுபோல் இருந்தது. அவள் அம்மாவின் நோட்டைப் பார்த்தாள். பக்கம் முழுவதும் அம்மாவின் கையெழுத்து இருந்தது.

"அக்கா, பிறந்ததிலிருந்தே பேச முடியாதவங்க உங்ககிட்ட சந்தா கட்டறதில்லையா?"

"கட்டுவாங்களே."

"அவங்க எப்படிச் சம்மதம் சொல்லுவாங்க?"

மறுமுனையில் தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

"இதுக்கு ஒரு விதி இருக்கும் போலிருக்கே. பயிற்சியில யாரும் சொல்லலையே. மேலாளரைத்தான் கேக்கணும்." குரல் இன்னும் தாழ்ந்தது. "ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுட்டேன். திட்டுவாரு."

"எனக்கும் பயமாத்தான்க்கா இருக்கு. நீங்க கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன், வைக்கமாட்டேன்."

இம்முறை இசை போடப்படவில்லை. நாற்காலி நகர்வதும், தொலைவில் ஓர் ஆண்குரல் உயர்வதும், பிறகு அது தாழ்வதும் கேட்டன. நான்கு ஐம்பத்து மூன்று. நான்கு ஐம்பத்து நான்கு. முயல் மேசைக் காலைத் தன் கால்களால் இறுகக் கட்டிக்கொண்டாள்.

"பாப்பா! இருக்கியா? விதி இருக்கு! கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பினா போதும். நம்பர் சொல்றேன். சீக்கிரம்!"

அம்மா எழுதினார். அவசரத்திலும் ஒரு புள்ளி விடவில்லை. முயல் படம் எடுத்தாள். முதல் படத்தில் கையெழுத்துக்கு மேல் வாலுவின் கட்டைவிரல் விழுந்திருந்தது.

"கையை எடுடா!"

இரண்டாவது படம் நான்கு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"வந்துடுச்சு. பதிவாயிடுச்சு" என்றார் சேவைப் பெண். பெருமூச்சு இரு முனைகளிலும் கேட்டது. "அம்மா குரல் சரியாகட்டும், பாப்பா. நானும் தினம் ரயில்லதான் வரேன். நாலு நாளா ஸ்டேஷன்ல வேற யாரோதான் சொல்றாங்க. யாருக்குமே ஒண்ணும் புரியல."

அம்மா சிரித்தார். வாயை மூடிக்கொண்டுதான்.

மார்ச் 20ஆம் நாள் மருத்துவர் தையலைப் பிரித்தார்.

"எங்க, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்."

முயல் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அம்மா அவளைப் பார்த்தபடி வாயைத் திறந்தார்.

"சம்மதம்" என்றார். நடைமேடைகளை நிறைக்கும் அதே குரல்.

இறுதியில் முடிவானவை இவை: சந்தா மாதம் முந்நூற்றைம்பது, சேனல்கள் நாற்பது, விலங்குகள் உண்டு, விளையாட்டு இல்லை. இதை அப்பாவிடம் தெரிவிக்கும் பொறுப்பு வாலுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் கடிதம் எதுவும் படித்து முடிக்கும்வரை விமானமாகக் கூடாது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம், அம்மாவின் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசப்போவது முயல்தான். இதற்கு அம்மா டம்ளரில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.