வீக்கம் வடிந்த எலிகள்

காலையில் அளந்தபோதே சத்யப்ரியாவுக்கு என்னவோ உறுத்தியது. முடக்குவாதத்தை ஆராய்வதற்காக ஊசி போட்டு மூட்டுகளை வீங்க வைத்த எலிகள் அவை. ஒன்பதாம் கூண்டிலிருந்த நான்குக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே கொடுக்காமல் விட்டிருந்தாள். நேற்றுவரை பாதம் ஊன்ற முடியாமல் வயிற்றால் இழுத்து நகர்ந்தவை, இன்று கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்றன. வீக்கம் துளியும் இல்லை. கூண்டில் பரப்பியிருந்த உமி மட்டும் சிவந்திருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எந்த எலிக்கும் காயமில்லை.

"இதுங்களுக்கு மருந்து ஏதாவது குடுத்தீங்களாண்ணே?"

கூண்டு கழுவும் சடையப்பன் மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் உப்பு வாரியவர். விரல் கணுவெல்லாம் வீங்கிக் கோணிப்போய், வாளியைக்கூட முழங்கையில் மாட்டித்தான் தூக்குவார். இன்று இடது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்.

"மருந்து எதுவும் குடுக்கலம்மா. பாவம், என்னை மாதிரிதானே அதுங்களுக்கும் வலிக்குது" என்றார். சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கட்டடத்தில் அவர்கள் இருவர்தான். மதியம், கட்டடத்தை ஒட்டியிருந்த உப்பளத்தின் குவியல்களில் பட்டுத் திரும்பிய வெயில் ஜன்னல் வழியாகக் கண்ணைக் கூசவைக்க, எக்ஸாஸ்ட் ஃபேனின் உறுமலுக்கு அடியில் யாரோ எலும்பை நிதானமாகக் கடித்து உடைக்கும் சத்தம் எலி அறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வழக்கமான மூத்திர நெடியோடு இன்று ரத்த வாடையும் சேர்ந்திருந்தது.

"அண்ணே?"

சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

கதவைத் தள்ளினாள். பாதி திறந்து, எதிலோ இடித்தது. காலிக் கூண்டு. எல்லாக் கூண்டும் காலி.

சடையப்பன் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டி தொடைக்கு மேல். முழங்கால்கள் தெரியவில்லை. அங்கே வெள்ளையாய் ஒரு குவியல். அசைந்தது. தலைகள் மட்டும் சிவப்பு.

துடைப்பத்தை எடுத்து வீசி அடித்தாள். ஓர் எலி சுவரில் மோதி, முதுகு முறிந்து துடித்தது.

அப்போதுதான் அவர் அலறினார்.

"அடிக்காதம்மா. அதுங்க போச்சுன்னா திரும்ப வலிக்கும்."

மடியில் ஏறிய எலியின் முதுகை அவர் தடவிக்கொடுத்தார், மெதுவாக, விரல் ஒன்றுகூட இல்லாத உள்ளங்கையால்.

அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.