நூற்றுப் பதினேழாம் பெயர்

ஊதிய தூசி திரும்பி வந்து அவர் கண்ணிலேயே விழுந்தது.

முப்பது வருடமாகக் கல்லில் எழுத்து வெட்டுகிறவர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார் என்பதால் ஊருக்கு அவர் கல்லுளிமங்கன். வெட்டிய எழுத்தை ஊதினால் தூசி எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியாதா? மறுபடி ஊதினார். மறுபடியும் முகத்தில் அடித்தது.

பேராலயத்துக்குள், பக்கச் சுவரில், போரில் மாண்டவர்களுக்கென்று பதித்த பளிங்குப் பலகை அது. நூற்றுப் பதினாறு பெயர்களுக்குக் கீழே இன்று அவர் வெட்டியது நூற்றுப் பதினேழாவது. அவருடைய மகனின் பெயர். போர்முனையில் காணாமல் போய் ஆறு வருடம். உடம்பும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பலகையில் இருக்கிற பெயர்களை மட்டும்தான் வாசிப்போம் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். மனைவியோ, "உடம்பைக் கண்ணால பாக்காம எம்புள்ளை பேரைக் கல்லுல ஏத்தாதீங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் வாசலைப் பார்த்துப் பார்த்துத் தேய்வதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரேயடியாக அழுது தீர்க்கட்டும் என்றுதான் அவளுக்குத் தெரியாமல் உளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மதியப் பூசை முடிந்து கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அணைந்த மெழுகுவர்த்திப் புகையும் பழைய மரப்பெஞ்சுகளின் வாடையும் கலந்து நின்ற அந்தப் பெரிய கூடத்தில், வண்ணக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் தரையில் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து அவர் பாதத்தைத் தொட்டபோது, புதிய எழுத்துகளின் அருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எழுத்துக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது. நின்றது. வந்தது. ஈர மண்ணும் வியர்வையுமாக வாடை. மற்றப் பெயர்களைத் தடவினார். எல்லாம் சில்லென்று இருந்தன.

சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எழுத்து எடுப்பாகத் தெரியப் பூசும் கருஞ்சாந்தைக் குழைத்து எழுத்துப் பள்ளங்களில் திணித்தார். முதல் எழுத்தை அடைத்ததும் மற்றவற்றில் காற்று வேகமாக வந்தது. நாலாவதை அடைத்ததும் சீழ்க்கை அடித்தது. ஐந்தாவது, கடைசி எழுத்து. சாந்து குமிழாகப் பொங்கி உடைந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். அடங்கிவிட்டது.

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நம்ம புள்ளை வந்துட்டாங்க. இப்பத்தான் வந்தான், தண்ணி கேட்டான். குடிக்கிறதுக்குள்ள மூச்சு அடைச்சுப் போச்சு. மூஞ்சியெல்லாம் கறுத்துட்டு வருது. ஓடி வாங்க."

வீட்டுக்கு ஓடிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது. செல்போனைத் தரையில் போட்டார். நகத்தால் சுரண்டினார். சாந்து அதற்குள் இறுகியிருந்தது. நகம் பெயர்ந்தது. உளி. சுத்தியல். ஒரு அடி. சாந்து அசையவில்லை. இன்னொன்று, பலம்கொண்ட மட்டும்.

உளி இறங்கியது. கல்லில் இறங்குவது போல் இல்லை.

செல்போனில் மகன் அலறினான். ஆறு வருடமாகக் கேட்காத குரல்.

"நெஞ்சுல ரத்தம் வருதுங்க," என்றாள் மனைவி. "யாருமே தொடலையே."

உளியை உருவப் பார்த்தார். அலறல் கூடியது. நிறுத்தினார். குறைந்தது.

அப்படியே நின்றார். கதவுக்கு வெளியே, மாலைப் பூசைக்கு ஆட்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டது. கைக்குள் உளி துடித்தது. வெதுவெதுப்பாக ஏதோ மணிக்கட்டு வழியே முழங்கைக்கு இறங்கியது. ஒரு துடிப்பு. இன்னொரு துடிப்பு. இடையில் நேரம் கூடிக்கொண்டே போனது.