ஒன்றும் செய்யாத தட்டு

நான்காம் எண் செல் தட்டை யாரும் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருப்பதுதான் அதற்கு வேலை. முதல் தட்டைச் சூட்டில் வாட்டினார்கள், இரண்டாவதற்கு மூச்சுக்காற்றைக் குறைத்தார்கள், மூன்றாவதை ஊசியால் கீறினார்கள். இந்த மூன்றும் பட்ட பாட்டை ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் பாடும் படாத ஒன்று வேண்டுமே, அதற்காக நான்காவது, முப்பத்தேழு டிகிரி இளஞ்சூட்டில், பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்துகொண்டிருந்தது. சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முதல் நாள், காலை பதினொன்றரை மணிக்கு, அது திரையில் பச்சையாக ஒளிர்ந்தது.

இன்-சொப் நூடுல்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். தேஜோன் நகரத்து ஆய்வகம் மொத்தமும் ஊருக்குப் போயிருந்தது. செல்களுக்குப் பண்டிகை தெரியாது, ஆகவே ஒருவன் இருந்து தீனி போடவேண்டும், அந்த ஒருவன் எப்போதும் கடைக்குட்டி. இரண்டு வருடமாகக் கடைக்குட்டி இவன்.

மனிதச் செல் துன்பம் வந்தால் புதிதாக எதையும் எழுதிக்கொள்வதில்லை. ஏற்கனவே உள்ளே எழுதி மூடிவைத்த பக்கம் ஒன்றைத் திறக்கும், அவ்வளவுதான். சூட்டுக்கு ஒரு பக்கம், மூச்சுத் திணறலுக்கு ஒரு பக்கம், காயத்துக்கு ஒரு பக்கம். பேராசிரியர் மெங்கின் ஆய்வகத்தில் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் விளக்கு கட்டியிருந்தார்கள். சூடு பட்டால் சிவப்பு. மூச்சு முட்டினால் நீலம். காயம் பட்டால் பச்சை. இளஞ்சூட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒரு கேமரா இருந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துத் திரைக்கு அனுப்பும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. இன்-சொப் திறக்கவும் இல்லை.

ஆனாலும் பச்சை. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி அல்ல, தட்டு முழுக்க, இருட்டுக் குளத்தில் பாசி படர்ந்த மாதிரி.

அந்தச் செல்கள் அவனுடையவை. புதிதாகச் சேர்பவன் தோல் கொடுப்பது அங்கே வழக்கம். வரவேற்பு விருந்தில் பன்றி இறைச்சியும் சோஜு சாராயமும் ஊட்டிவிட்டு, மறுநாள் காலை தலைவலி தெளிவதற்குள் மூத்த ஆய்வாளன் தே-குன் ஒரு சின்ன வட்டக் கத்தியால் அவனுடைய மேற்கையில் ஒரு துண்டு எடுத்தான். ஒப்புதல் தாளில் 'கொடையாளி எண் முப்பத்தொன்று, ஆரோக்கியமான ஆண்' என்று எழுதியிருந்தது. கையெழுத்தையும் தே-குனே போட்டுக்கொண்டான், தம்பிக்கு எதற்குச் சிரமம் என்று.

அந்த தே-குனுக்குத்தான் இன்-சொப் போன் போட்டான்.

"அண்ணே, நாலாம் நம்பர் தட்டு எரியுதுண்ணே."

"தீயாடா?"

"இல்லண்ணே, பச்சை. காயப் பச்சை."

"மூக்க நோண்டின கையால தொட்டிருப்ப."

"நான் பெட்டியவே திறக்கலண்ணே."

"அப்ப உன் மூஞ்சியப் பார்த்து பயந்திருக்கும். டேய், நான் இங்க சோங்ஜூவுல மாமியார் வீட்டுல நாளைக்குப் படையலுக்கு அஞ்சு கிலோ கஷ்கொட்டை உரிச்சிட்டு உக்காந்திருக்கேன். மச்சானுங்க மூணு பேரும் டிவி பார்க்கிறானுங்க. ஆராய்ச்சியாளன் கை நுணுக்கமா இருக்குமாம். வை போனை."

இன்-சொப் சிரித்தான். சிரிப்பு வெளியே வந்ததும் ஆய்வகம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டிகளின் உறுமலும், ஆழ்குளிர் பெட்டி தன் மோட்டாரை நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுவதும், தொட்டிக் குழாயில் எப்போதோ விழும் ஒரு சொட்டும், ஸ்பிரிட் வாடைக்கு அடியில் செல் தீனியின் அசட்டுத் தித்திப்பும், கீழ்த்தளத்து எலி அறையிலிருந்து காற்றுக்குழாய் வழியே ஏறி வரும் மூத்திர நெடியும், ஆட்கள் நிறைந்த நாட்களில் ஒருவரும் கவனிக்காத இவையெல்லாம், இன்று வரிசை கட்டி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தன.

அரைமணி நேரம் கழித்துக் கண்ணாடிச் சில்லுகளை அடுக்கும்போது ஒன்று உடைந்து அவனுடைய ஆள்காட்டி விரலை எலும்புவரை திறந்தது.

ரத்தம் வெள்ளை மேசையில் சொட்டுவதை அவன் வலியோடு பார்க்கவில்லை, யோசனையோடு பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தான். பச்சை மங்கிக்கொண்டிருந்தது, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த மாதிரி. அதன் நடுவில், விரலில் துணியைச் சுற்றி அவன் முடிச்சுப் போடுவதற்குள், நீலம் முளைத்தது.

நீலம் என்றால் மூச்சு.

அவன் மறுபடி போன் போட்டான்.

"அண்ணே, அது என் தோலு. பச்சை எரிஞ்சுது, என் விரல் வெட்டுப்பட்டுது. முன்னாடியே எரிஞ்சுதுண்ணே, அரைமணி முன்னாடியே. இப்ப நீலம்."

எதிர்முனையில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம். பிறகு கதவு சாத்தும் சத்தம். தே-குன் தனி அறைக்குப் போயிருக்கிறான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத. பேராசிரியருக்கு மெசேஜ் கிஸேஜ் போட்டு வைக்காத. தட்டத் தொடாத. நீ அங்கயே இரு. நான் வர்றேன்."

"நீங்க எதுக்குண்ணே..."

"இருடான்னா இரு."

தே-குன் ஒருநாளும் சிரிக்காமல் பேசியவனல்ல. இன்-சொப்புக்கு அந்தச் சிரிப்பு இன்று கேட்கவில்லை. போய்விடலாம்தான். லிஃப்டில் மூச்சு முட்டலாம், படியில் இறங்கலாம். ஆனால் அண்ணன் இரு என்றால் இருப்பதைத் தவிர வேறு எதையும் அவன் அந்த இரண்டு வருடத்தில் கற்கவில்லை, உயிருக்கு ஆபத்து என்பதை விடுப்புக்குக் காரணமாக அந்த ஆய்வகம் இதுவரை ஏற்றதும் இல்லை.

அவன் முறையாக வேலை பார்த்தான். திரவ நைட்ரஜன் இருந்த அறையைப் பூட்டினான், அது கசிந்தால் ஆள் சத்தமில்லாமல் காலி. வாயுக் குப்பிகளின் திருகை இறுக்கினான். நூடுல்ஸ் மிச்சத்தைக் குப்பையில் கொட்டினான், புரையேறலாம். பிறகு கழுத்து நினைவுக்கு வந்தது. கழுத்தைச் சுற்றக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்தான்: மின்கம்பிகள், கவசத்துணியின் நாடா, உறிஞ்சு பம்பில் மாட்டியிருந்த தடித்த ரப்பர் குழாய். கம்பிகளையும் நாடாவையும் அலமாரியில் போட்டுப் பூட்டினான். குழாய் உள்ளே அடங்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டான். தன் கையில் இருந்தால் பிறர் கையில் இராது.

சுவரில் முதுகை ஒட்டித் திரைக்கு எதிரே உட்கார்ந்தான். நிமிடத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றிலும் நீலம் ஒரு சுற்றுப் பெருத்தது. வெளியே நடுப்பகல் வெயில், மரத்தில் சில்வண்டு, தூரத்து நெடுஞ்சாலையில் ஊருக்குப் போகும் கார்களின் இரைச்சல். உள்ளே அவன் தன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான்.

யார்கிட்டயும் சொல்லாத. அங்கயே இரு. நான் வர்றேன்.

கட்டுரை. அதுதானே. அடுத்த மாதம் வெளிவர வேண்டிய கட்டுரையில் தே-குன் பெயர்தான் முதலில். ஒன்றும் செய்யாத தட்டு எரிகிறது என்றால் கட்டுரை செத்தது. கட்டுரை சாகக்கூடாது என்றால், எரிவதைப் பார்த்தவன்...

இரண்டு மணி பத்து. கீழே கதவு பீப் என்றது. படியில் காலடி. ஓடிவரும் காலடி.

இன்-சொப் கண்ணாடித் தடுப்பின் பின்னால் நின்றான். தே-குன் வேர்க்க வேர்க்க உள்ளே வந்தான். ஒரு கையில் துணியில் சுற்றிய சாப்பாட்டு அடுக்கு. அவன் நேராகத் திரையைத்தான் பார்த்தான். நீலம் முகத்தில் அடித்தது.

"அய்யோ" என்றான், மெதுவாக. பிறகு திரும்பி இவனைக் கண்டான். "ஒளிஞ்சு நிக்கிறதப் பாரு, எலி மாதிரி. வாடா இங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ சத்தம் போடாம கேக்கணும்."

வந்து வழக்கம்போல இவன் கழுத்தைத் தன் அக்குளில் வளைத்து இறுக்கினான். அது அவனுடைய வணக்கம். இரண்டு வருடமாக ஒவ்வொரு காலையும் அந்த அக்குளில்தான் விடிந்தது.

நீலம்.

இன்-சொப் கடித்தான். சட்டையோடு, சதையோடு. பல் ஒன்றோடொன்று சந்திக்கும்வரை. தே-குன் அலறிக் கையை எடுத்தான். அடுக்கு விழுந்து அரைநிலாக் கொழுக்கட்டைகள் பைன் ஊசி வாசனையோடு தரையெங்கும் உருண்டன. அவன் அதில் வழுக்கிக் குப்புற விழுந்தான். மேசை முனை நெற்றியைப் பிளந்தது. அவன் எழுவதற்குள் இன்-சொப்பின் முழங்கால் முதுகில் ஏறியிருந்தது. குழாய் கழுத்தில் இரண்டு சுற்று.

"என் தட்டு சொல்லிடுச்சுண்ணே! எல்லாத்தையும் சொல்லிடுச்சு!"

"உன்... தட்டு..." தே-குனின் விரல்கள் ரப்பருக்கு அடியில் நுழையப் பார்த்தன. "உன்னுது இல்லடா..."

இறுக்கினான்.

"உன்னுது... பூஞ்சை புடிச்சு... செத்துப்போச்சு... வாத்தியாருக்குப் பயந்து... என் தோல... வச்சேன்... என்னுதுடா..."

கேட்டது. காது கேட்டது. கை கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில் எழுதி மூடியிருந்ததோ, திறந்துகொண்டது. எவ்வளவு இழுக்க வேண்டும், எந்தக் கோணத்தில், முழங்காலை எங்கே அழுத்தவேண்டும். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

குதிகால்கள் தரையை உதைத்தன. கொழுக்கட்டை நசுங்கியது. நெற்றி ரத்தம் அதில் ஊறியது. குதிகால்கள் மெதுவாயின. நின்றன.

அவன் உயிரியல் படித்தவன். நாடி பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். நீலம் தட்டு முழுக்கக் கொழுந்துவிட்டு எரிந்தது. அடுத்த படத்தில் கறுப்பு. ஒரு புள்ளி இல்லை.

கறுப்பு என்றால் முடிந்தது.

அண்ணனின் இடது கட்டைவிரலில் குட்டிக் கரடி போட்ட பிளாஸ்திரி இருந்தது, மகள் ஒட்டிவிட்டிருப்பாள். அதன் ஓரத்தில் கஷ்கொட்டைத் தோலின் பழுப்பும், கத்திக் காயத்தின் ரத்தமும். இன்-சொப் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து, கொழுக்கட்டைகளைக் கூட்டி அள்ளினான். ஆய்வகத்தில் தரை அசுத்தமாக இருக்கக்கூடாது.

கீழ்த்தளத்தில், எலிக் கூண்டுகளை அடுக்கு அடுக்காக வண்டியோடு தள்ளி நீராவியில் வேகவைக்கும் பெரிய ஆட்டோகிளேவ் இருந்தது. ஆள் நின்று உள்ளே நடக்கலாம். பண்டிகை நாளில் அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். வண்டி இருந்தது. லிஃப்ட் இருந்தது. இப்போது அவனுக்கு லிஃப்டில் பயமில்லை. இரும்புக் கதவு மூடியதும் பூட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நூற்றிருபத்தொரு டிகிரி. நாற்பது நிமிடம். பொத்தானை அமுக்கினான். உள்ளே காற்று வெளியேறும் நீண்ட சீறல்.

அழுத்தம் ஏறிவிட்டால் அந்தக் கதவு யாருக்கும் திறக்காது. நடுவில் நிறுத்தினாலும் ஆறி அடங்க இருபது நிமிடம். பாதுகாப்புக்காக.

படியேறி மேலே வந்தான். தட்டையும் எடுத்து வெளுப்புத் திரவத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது. கதவைத் தள்ளினான்.

அறை சிவப்பாக இருந்தது.

சுவர், மேசை, கழுவித் துடைத்த தரை, அவன் கை. திரையிலிருந்து அந்தச் சிவப்பு வழிந்தது. ஒரு செல் மிச்சமில்லாமல் அத்தனையும் எரிந்தன. எப்போது ஏற்றிக்கொண்டன என்று தெரியவில்லை, அவன் கூட்டிக்கொண்டிருந்தான். சூட்டு விளக்கு. உயிர் இருப்பவனுக்குத்தான் சூடு. செத்தவனின் தட்டு எதற்கு எரிய வேண்டும்?

காற்றுக்குழாயில் ஏதோ கேட்டது.

கீழேயிருந்து. இரும்பில். உள்ளங்கையால் அடிப்பது போல.

அவன் ஓடினான். படி தடுக்கிப் பல் உடைந்தது. எழுந்து ஓடினான். சிவப்புப் பொத்தானைக் குத்தினான். திரும்பத் திரும்பக் குத்தினான். 'அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்கவும்' என்று இயந்திரம் மரியாதையாகச் சொன்னது. பிடியைப் பற்றித் தொங்கினான். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. மறுபக்கத்தில் அடி வேகமானது. குரலும் இருந்தது. அவன் பெயராக இருக்கலாம். நீராவி அதை முழுசாக வெளியே விடவில்லை.

எப்படி மேலே வந்தான் என்று தெரியாது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

நிமிடத்துக்கு ஒரு படம். தட்டின் விளிம்பிலிருந்து சிவப்பு அணைந்துகொண்டு வந்தது. ஒரு வளையம். இன்னொரு வளையம். நடுவில் ஒரு கைப்பிடி. பிறகு பத்துப் பதினைந்து. காற்றுக்குழாயில் சத்தத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி நீண்டது.

மூன்று செல்.

ஒன்று.

அது அணையவில்லை. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். இன்-சொப் உரிந்த கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தான், அணைந்துவிடு அண்ணே, அணைந்துவிடு என்று உதடு மட்டும் அசைந்தது, குழாய்க்குள் வெந்த இறைச்சியின் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது, இரும்பில் உள்ளங்கைத் தட்டு ஒன்று விழுந்தது, வெகுநேரம் கழித்து இன்னொன்று.