கிளைகள் நின்ற இடம்

வீட்டில் அவளுக்கு நுனிப்புல் என்று பெயர். வைத்தவன் அண்ணன். சில ஆடுகள் ஓரிடத்தில் நின்று வயிறார மேயாமல், இங்கே ஒரு நுனி, அங்கே ஒரு நுனி என்று கடித்துக்கொண்டே ஓடும். அவளும் எந்த வேலையையும் முடிக்காமல் அடுத்ததற்கு ஓடுகிறாள் என்பது அவன் கட்சி.

அந்தக் கட்சியில் நியாயம் இல்லாமலும் இல்லை. கட்டிலுக்கு அடியில் அவளுடைய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால் பாதிப் பட்டம், பாதி மணிமாலை, பாதியில் நின்ற கயிற்றுப்பொம்மை.

"இந்தப் பெட்டியைக் கொட்டினாக்கூட பாதிக் குப்பைதான் சேரும். மீதிப் பாதியை இவ செய்யவே இல்லையே," என்பான் அண்ணன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஓவிய ஆசிரியை வகுப்பில் எல்லாருக்கும் பெரிய தாள்களைக் கொடுத்தார்.

"நடுவுல ஒரு வட்டம் போட்டு உங்க பேரை எழுதுங்க. உங்களுக்கு என்னென்ன செய்யத் தெரியுமோ, அதையெல்லாம் சுத்திக் கிளை கிளையா வரைங்க. அதுல ஒண்ணை முழுசாச் செஞ்சு திங்கட்கிழமை கொண்டு வாங்க. கண்காட்சி மேசையில வைக்கலாம்."

கண்காட்சி என்றதும் நுனிப்புல்லுக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. சென்ற ஆண்டு அவள் ஒரு மணிமாலையை எடுத்துப் புறப்பட்டாள். பேருந்திலேயே நூல் அவிழ்ந்து, மணிகள் எல்லார் காலடியிலும் உருண்டோடின. மேசைமேல் அவளுடைய பெயர் அட்டை மட்டும் நாள் முழுதும் தனியாக நின்றது. இந்த ஆண்டும் அப்படி நின்றால் அவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்?

படத்தை வரைவதில் அவளுக்குச் சிரமமே இல்லை. பட்டம், மணிமாலை, கயிற்றுப்பொம்மை, குறிப்பேடு தைத்தல், பொத்தான் தைத்தல் என்று கிளைகள் தாளின் ஓரம்வரை ஓடின. மாலையில் அண்ணன் அதை எட்டிப் பார்த்தான்.

"மரம் நல்லாத்தான் கிளை விட்டிருக்கு. காயைத்தான் காணோம்."

"போண்ணா."

அவன் போனபின்பு அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும்போல் இருந்தது. ஆனால், அதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிட்டது. நான் ஏன் ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு ஓடுகிறேன்?

பெட்டியை இழுத்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து, எந்த இடத்தில் வேலை நின்றது என்பதை அந்தந்தக் கிளையின் நுனியில் எழுதத் தொடங்கினாள்.

பட்டத்துக்குக் காகிதம் ஒட்டியாயிற்று, வாலும் வைத்தாயிற்று, நூலைக் கட்டும்போது நின்றது. மணிமாலைக்கு மணிகளைக் கோத்தாயிற்று. கடைசி முடிச்சு நழுவியது. குறிப்பேட்டிலும் கடைசி முடிச்சுதான். கயிற்றுப்பொம்மைக் கழுதையின் கால்களிலும் கயிறு முடிச்சில் நிற்கவில்லை. அப்பாவின் சட்டையில் அவள் தைத்த பொத்தான், அவர் வேலைக்குப் போய்ச் சேருமுன்பே உதிர்ந்ததும் அதனால்தான்.

பென்சில் நின்றது. தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எல்லாக் கிளையின் நுனியிலும் ஒரே சிவப்புச் சொல். முடிச்சு.

அடியில் ஒரு புதிய வட்டம் போட்டு, அதனுள் அந்தச் சொல்லை எழுதி, எல்லாக் கிளைகளிலிருந்தும் அதற்குக் கோடு இழுத்தாள்.

"எனக்கு இத்தனையும் தெரியாம இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் தெரியலை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெரியாதது ஒன்றுதான் என்று தெரிந்ததும் மனம் பஞ்சுபோல் ஆயிற்று.

அம்மா பொதிகள் கட்டும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். முடிச்சு என்பது அவளுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல. நுனிப்புல் கயிற்றை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"எத்தனை தரம் சொல்லிக் குடுத்திருக்கேன். வா, பக்கத்துல உக்காரு. என் கையைப் பாரு," என்றாள் அம்மா.

பார்த்தாள், கட்டினாள், இழுத்தாள். கயிறு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"உன் கை மட்டும் ஏன்டி இப்படிப் பின்னிக்குது?" என்று பெருமூச்சு விட்ட அம்மா, எதிர்நாற்காலிக்குப் போய், பழைய துணிகளை மூட்டையாகக் கட்டத் தொடங்கினாள்.

நுனிப்புல் அந்தக் கைகளையே கவனித்தாள். அம்மாவின் வலக்கை, இவளுடைய இடக்கைக்கு நேர் எதிரே இருந்தது. இவளோ எழுதுவது, சாப்பிடுவது, கதவைத் தட்டுவது எல்லாம் இடக்கையால்தான். கண்ணாடிமுன் நின்றதுபோல் இருந்தது அவளுக்கு.

"அம்மா, எழுந்துக்காதே. அங்கேயே இரு. இன்னொரு தரம் மெதுவாக் கட்டு."

அம்மாவின் வலக்கை போன வழியில் இவளுடைய இடக்கை போனது. கயிறு கயிற்றின்மேல் ஏறியது, அடியில் நுழைந்தது. இழுத்தாள். வரவில்லை. பலங்கொண்டமட்டும் இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

அம்மா மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "இடக்கைக்காரியைப் பக்கத்துல உக்கார வெச்சே இத்தனை நாளும் சொல்லிக் குடுத்திருக்கேனே. மக்கு நான்தான்."

"பரவாயில்லைம்மா. எனக்கும் இன்னிக்குத்தானே தெரிஞ்சுது," என்று அம்மாவைத் தேற்றினாள் மகள்.

திங்கட்கிழமை, கண்காட்சி மேசைமேல் ஒரு கயிற்றுப்பொம்மைக் கழுதை தலையாட்டிக்கொண்டே நடந்தது, உட்கார்ந்தது, பின்னங்காலால் உதைத்தது. ஒரு கயிறும் நழுவவில்லை. ஓவிய ஆசிரியை கிளைப்படத்தையும் கழுதைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் கிளை போட்டிருக்காங்க. நீ அடியில சிவப்பா ஏதோ போட்டிருக்கியே, அது என்ன?"

"அதுதான் டீச்சர், வேர்."

மேல்வகுப்பிலிருந்து அண்ணனும் பார்க்க வந்தான். கழுதையிடம் ஓர் உதை வாங்கினான். சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அவனுடைய காலணி நாடா அவிழ்ந்து தரையில் புரண்டுகொண்டிருந்தது.

"நில்லுண்ணா, விழுந்து வைக்காதே," என்று தங்கை குனிந்து கட்டிவிட்டாள். கட்டும் மகிழ்ச்சியில், முடிச்சின்மேல் முடிச்சாக இன்னும் சில போட்டாள்.

மாலையில் வாசற்படியில் உட்கார்ந்த அண்ணன், வெகுநேரம் ஆகியும் உள்ளே வரவில்லை. நகத்தால் நெம்பினான். பல்லால் கடிக்கப் பார்த்தான், வாய் எட்டவில்லை.

"நுனிப்புல்லு, வந்து அவிழ்த்து விடேன்," என்று கெஞ்சினான்.

உள்ளே தாளின்மேல் கவிழ்ந்திருந்தவள் நிமிரவில்லை.

"கொஞ்சம் பொறுண்ணா. அவிழ்க்கிற கிளையை இப்பத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்."