நாலுகால் பின்னல்

நானும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால், அம்மா எனக்கும் தலை வாரிவிடுவாளா?

பெரியவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் சின்னவள், பன்னிரண்டு வயது; அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பழைய பள்ளியில் கூடப் படித்தவர்கள் அவள் முடியைப் பார்த்துத் 'துடைப்பம்' என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் வகுப்பிலேயே சடையைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. அவளுக்காகவே பள்ளியை மாற்றி, இந்தப் பழைய வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டது. சின்னவள் தனியாக மேலே போய்விடக் கூடாதே என்று.

"அம்மா, எனக்கும் பின்னிவிடேன்."

"பதினாலு வயசாச்சு, உனக்கென்ன கை இல்லையா? அவளப் பாத்துமா கேக்குற?"

பெரியவள் தன் அறைக் கண்ணாடி முன் போய் உட்கார்ந்தாள். சாயங்கால வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஈரத்தலையை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை எங்கிருந்தோ வந்தது.

யாரோ அவள் கூந்தலைக் கையில் எடுத்தார்கள்.

குளிர்ந்த விரல்கள். அம்மாவுடையதைவிடப் பொறுமையான விரல்கள். கண்ணாடியில் அவள் மட்டுமே இருந்தாள்.

அவள் எழுந்து ஓடவில்லை. ஓடினால் அந்த விரல்கள் நின்றுவிடுமே.

"நாலுகால் பின்னலா? எனக்கே வராது," என்றாள் அம்மா, இரவு சாப்பிடும்போது. அம்மா பெரியவளை இப்படி நிமிர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று. "உன் தங்கச்சிக்கும் போட்டுவிடேன்."

பெரியவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் விரல்கள் மறுபடி வந்தன. இம்முறை குரலும்.

"மாடிக் கதவத் திறந்து வை. அவ எங்கிட்ட வந்துடட்டும். அப்புறம் அம்மா உனக்கு மட்டும்தான்."

சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அம்மாவின் மடியில் தான் மட்டும் படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். இனித்தது.

இனித்ததுதான் அவளை நடுங்க வைத்தது.

பக்கத்து அறையிலிருந்து, பல நாள் பயன்படாத ஒரு குரல் வந்தது. "அக்கா... உன்கூட யாரு?"

பெரியவள் சடையை முன்னால் இழுத்துப் போட்டு அவிழ்த்தாள். ஒரு கால். இரண்டு. மூன்று. அவளுடைய முடி அவ்வளவுதான்.

நான்காவது கால் ஈரமாக இருந்தது. அது அவள் தலையிலிருந்து வரவில்லை. தோளைத் தாண்டி, பின்னால், இருட்டுக்குள் போயிற்று.

மெல்ல அது இழுபட்டது.

"திற."

"வேண்டாம்," என்றாள் பெரியவள், தங்கைக்குக் கேட்காதபடி. "நானே பின்னிக்குவேன்."